ஊர் ஓடினால் கேட்டு ஓடு!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)

"ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். வெள்ளம் வந்தால், யானை வந்தால் இது சரிதான். (பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து நண்பர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை!) ஆனால் பணம் போடுகிற விஷயத்தில் இந்தப் பழமொழியைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஊரே ஓடும்போதுதான் நின்று கேட்க வேண்டும்.

அன்பு நண்பர்களே! இதைப் புரிந்துகொள்ள மும்பை பங்குச் சந்தை வரை போக வேண்டாம். பாலக்கோடு தக்காளி மண்டி வரை போனால் போதும்.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது. டீக்கடையில் தக்காளிப் பேச்சு, பஸ்ஸில் தக்காளிப் பேச்சு. "அவன் ரெண்டு ஏக்கர்ல லட்சம் லட்சமா எடுத்துட்டான்பா!" அவ்வளவுதான். ராகி போட இருந்தவர், கடலை போட இருந்தவர் எல்லோரும் தக்காளி நாற்றுக்கு ஓடினார்கள். செப்டம்பர் வந்தது. பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத விலை! கொல்லையிலேயே விட்டு மாட்டை மேய விட்டவர்கள் உண்டு, ரோட்டோரம் கொட்டியவர்கள் உண்டு.

இதில் விதி எங்கே வந்தது? நாற்று நட்டுப் பழம் பறிக்க இரண்டு, இரண்டரை மாதமாகும். அதற்கு முன் நாற்றங்காலில் ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே இன்று மண்டியில் சொல்லும் விலை, மூன்று மாதத்துக்கு முன்னால் நட்டவனுக்குச் சொந்தமான விலை. அதைப் பார்த்து நாம் நடுகிறோம். நம்மோடு சேர்ந்து பக்கத்துக் கொல்லைக்காரரும் நடுகிறார். கோலாரிலும் மதனப்பள்ளியிலும் நடுகிறார்கள். எல்லோருடைய பழமும் ஒரே மாதத்தில் மண்டிக்கு வந்தால் என்ன ஆகும்? பொருளாதாரப் புத்தகத்தில் இதற்குச் சிலந்தி வலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தம்தான். மாட்டுவது எப்போதும் பூச்சிதான்!

எங்கள் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். ஊரே தக்காளியைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது நாற்று வாங்கப் போவார். நாற்றுக்காரரே, "என்ன கவுண்டரே, தெரிஞ்சுதான் வர்றீங்களா?" என்று கேட்பாராம். வாங்க ஆளில்லாததால் நாற்றும் மலிவாகக் கிடைக்கும். பத்துத் தடவையில் ஆறு தடவை தப்பிச்சிடுவேன், நாலு தடவை அடி வாங்குவேன் என்பது அவர் கணக்கு. அந்த நாலு தடவையும் வீட்டில் பெரியம்மா பேசுகிற பேச்சு தனி!

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு வற்றாத கிணறு இருக்கிறது, பால் மாடு இருக்கிறது, கடன் இல்லை. அதனால் அவரால் காத்திருக்க முடிகிறது. போன வெள்ளாமையில் கொட்டிவிட்டு, கந்து வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரால் இந்த முறை நாற்று வாங்கவே முடியாது. விலை ஏறின பிறகுதான் அவருக்குக் கடன் கொடுக்கவும் ஆள் வருகிறது. கூட்டத்துக்கு எதிராகப் போகத் துணிச்சல் மட்டும் இருந்தால் போதும் என்று பேசுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அடுத்து ஈமு கோழி. அப்போது நாமெல்லாம் பால்வாடியிலும் ஒண்ணாங் கிளாஸிலும் இருந்தோம். பெருந்துறையில் ஒரு கம்பெனி, ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய், வருடம் 20,000 போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணமும் வாபஸ் என்றது. சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். அதைப் பார்த்து இன்னும் பல கம்பெனிகள் முளைத்தன. 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. முதலாளி தலைமறைவு, கோழிகள் பட்டினி.

நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள்; கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதப் பணம் வருடத்துக்கு 72,000. போனஸ் சேர்த்தால் 92,000. ஒன்றரை லட்சத்துக்கு இது 61 சதவீதம்! அன்று வங்கி வைப்புத் தொகைக்கு வட்டி ஒன்பது சதவீதத்தை ஒட்டி இருந்தது. இரண்டு வருடத்தில் கம்பெனி கொடுக்க வேண்டியது 1,84,000 ரூபாய். அதாவது ஒவ்வொரு பறவையும் தீவனச் செலவு போக முப்பதாயிரத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். ஈமு முட்டையிட ஆரம்பிக்கவே ஒன்றரை, இரண்டு வருடமாகும்! சரி, கறியாவது விற்றதா? நம் ஊரில் எந்தக் கறிக்கடையில் ஈமு தொங்கியது? எந்த வீட்டில் ஈமு குழம்பு வைத்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்க ஐந்தாங் கிளாஸ் கணக்குப் போதும். ஆனாலும் படித்தவர்களே கேட்கவில்லை. ஏன்? பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதா மாதம் 6,000 வந்தது நிஜம். கண்ணெதிரே வருகிறதே! அது பின்னால் சேர்ந்தவர் கட்டிய பணம் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. 2022-இல் ஆருத்ரா கதை வெளியே வந்தபோதும் இதேதான். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், 2,400 கோடிக்கு மேல்.

இன்று கூட்டம் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. டெலிகிராம் குரூப், "ஷ்யூர் ஷாட்" டிப்ஸ், ஆப்ஷன் டிரேடிங். செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கம் லாபம் எடுத்தவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்து வியாபாரம் செய்த பெரிய நிறுவனங்கள். ஹாஸ்டலில் ஒரு கையில் இட்லியும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருக்கும் நம்மாள் இவர்களோடுதான் மல்லுக்கு நிற்கிறான்!

அப்படியானால் எல்லோரும் விற்பதை வாங்கினால் பணக்காரனா? அதுவும் இல்லை. யெஸ் வங்கிப் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. நூறுக்கு வந்தபோது மலிவு என்று வாங்கினார்கள், ஐம்பதுக்கு வந்தபோது இன்னும் மலிவு என்று வாங்கினார்கள். 2020 மார்ச் 5-இல் ரிசர்வ் வங்கியே குறுக்கே வந்து, பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்டது. கூட்டம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது! பிடிவாதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

வாரன் பஃபெட் செய்ததைப் பாருங்கள். 1963-இல் அமெரிக்காவில் ஒரு சமையல் எண்ணெய் மோசடியில் சிக்கி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பங்கு சரிந்தது. எல்லோரும் விற்றார்கள். இவர் தன் ஊரான ஒமாஹாவில் ஒரு ஹோட்டலுக்குப் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜனங்கள் அந்தக் கார்டை நீட்டுகிறார்களா என்று பார்த்தார். நீட்டினார்கள். அப்புறம்தான் வாங்கினார். ஈமு விஷயத்தில் நம் ஆட்கள் கறிக்கடைக்கு ஒரு நடை போயிருந்தால் போதாதா?

நம்மில் பலர் இன்னும் சில மாதத்தில் ஓசூருக்கு வேலைக்குப் போகப் போகிறோம். முதல் சம்பளம் வந்த வாரமே, "மச்சி, ஒரு ஸ்கீம் இருக்கு" என்று ஒருவன் வருவான். அவன் கெட்டவன் அல்ல, அவனும் ஏற்கெனவே கட்டியவன். ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஆண்டு விழாவுக்கு டி.வி. நட்சத்திரத்தைக் கூப்பிடுகிற செலவில் கால் பங்கை ஒதுக்கி, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு நாள் பொருளாதாரக் குற்றப் பிரிவு அதிகாரி ஒருவரையும், ஈமுவில் பணம் இழந்த ஒருவரையும் நம் கருத்தரங்கக் கூடத்துக்கு அழைத்து வரட்டும். செயலாளர் அண்ணன் இந்தப் பக்கத்தைக் கட்டாயம் படித்தாக வேண்டும். மலருக்குப் புரூஃப் பார்ப்பவரே அவர்தானே!