சைக்கிளும் கௌரவமும்

சுன்னாகம் சந்தைக்கு விடியற்காலையில் வாழைக்குலைகளையும் மரக்கறி மூடைகளையும் ஏற்றி வந்த வண்டி எது? அயற்கிராமங்களிலிருந்து மாணவரையும் ஆசிரியரையும் ஸ்கந்தவரோதயக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்த வண்டி எது? துவிச்சக்கர வண்டியே. 1990இல் பொருளாதாரத் தடை ஏற்பட்டுப் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளானபின், குடாநாட்டின் வாழ்வே அதன் இரு சக்கரங்களில்தான் உருண்டது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் வீடுவாசல் துறந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டபோது, குழந்தைகளையும் எஞ்சிய உடைமைகளையும் சுமந்ததும் அதுவே.

அம்மக்களுட் பலர் இன்று கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழ்கின்றனர். ஊரிற் சைக்கிளின்றி வாழ்ந்தறியாதோர் அங்கே அதனைக் கைவிட்டது ஏன்? குளிரைக் காரணம் காட்டுவோர் உளர். அது பாதி உண்மையே; கோடையிலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. மோட்டார் வாகனங்களுக்கென்றே வகுக்கப்பெற்ற அகன்ற வீதிகள் மற்றொரு காரணம். ஸ்காபரோவின் பேர்ச்மவுண்ட், பார்மசி ஆகிய வீதிகளில் இருந்த சைக்கிள் பாதைகளையும் நீக்குமாறு 2011இல் நகரசபை தீர்மானித்தது. பாதையை நீக்கிவிட்டு, 'குடியேறியோர் சைக்கிள் ஓட்டாதோர்' என்று முடிவுகட்டுவது நியாயமாகுமா?

ஆயினும் பழி முழுவதையும் நகரசபையின்மேற் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குதல் முறையன்று. கார் வெற்றியின் சின்னம், சைக்கிள் வறுமையின் சின்னம் என்ற எண்ணம் நம்மவர் உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. ஊருக்கு அனுப்பும் நிழற்படத்திற் கார் இருக்கும், சைக்கிள் இராது. அந்த எண்ணம் பணத்தோடு சேர்ந்து இங்கும் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞன், தந்தையின் சைக்கிளைத் தாழ்வாரத்திற் சாத்திவிடுகிறான்.

இம்மனப்பான்மை மாற்ற முடியாததன்று. 1990களின் தொடக்கத்திற் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தது. ஏளனத்தைப் பொருட்படுத்தாது அவர்கள் ஆயிரக்கணக்கிற் கற்றனர். நாளடைவில் அது வியப்பற்ற காட்சியாயிற்று. ஒருகாலத்தில் யாழ்ப்பாணக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டில், பிரதம மந்திரியாயிருந்த மார்க் றுட்டே சைக்கிளில் அலுவலகம் செல்வது வழக்கம். எவரும் அவரை ஏழையென்று கருதவில்லை. மொரோக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் அங்கே குடியேறிய பெண்களுக்குச் சைக்கிள் வகுப்புகளும் நடத்தப்பெற்றன. ரொறன்ரோவிலும் 'கல்ச்சர்லிங்க்' என்னும் நிறுவனம், புதிதாக வந்தோருக்குச் சைக்கிளை இரவல் கொடுத்து, வழிகாட்ட ஒருவரையும் துணைசேர்க்கும் திட்டத்தை நடத்தியது. வண்டியோடு துணையும் வேண்டுமென்று உணர்ந்ததே அதன் சிறப்பு.

பல இனத்தார் வாழும் நகரில் வீதி எல்லோர்க்கும் பொது. விருந்தாளி வழி கேட்பான். குடிமகன் வழியிற் பங்கு கேட்பான். நம்மவர் குடிமக்களாகி ஆண்டுகள் பலவாயின. அச்சமின்றிச் செல்லும் பாதையை அவர்கள் நகரசபையிடம் உரிமையோடு கேட்கவேண்டும். அப்படிக் கேட்பதற்கு முன், சைக்கிளில் ஏறுவது இழிவன்று என்பதை நாமே நம்புதல் வேண்டும்.

அந்நம்பிக்கையைச் சுன்னாகத்திலிருந்தே தொடங்கலாம். ஓர் ஆசிரியர் சைக்கிளிற் பாடசாலைக்கு வந்து இறங்குவாராயின், அதனைக் காணும் மாணவர் நாளை எந்நாடு சென்றாலும் அதற்காக நாணமாட்டார்.