‘பதினெட்டு இஞ்சி செயின்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் தம்பிக்குத் தோட்டத்திலிருந்து போன் போகிறது: “பதினெட்டு இஞ்சி செயின் ஒன்று வாங்கி அட்டன் பஸ்ஸில் போட்டு விடு.” அவனும் வேலை முடிந்து அலைந்து வாங்கி அனுப்புகிறான். இங்கே வந்தால் செயின் ஓடாது. தட்டிக் கொட்டி மாட்டினாலும் இழுத்து இழுத்து ஓடும். முதலில் மெசின் சரியில்லை என்பார்கள். பிறகு வெட்டுகிறவனுக்கு வேலை தெரியாது என்பார்கள்.

பதினெட்டு இஞ்சி என்பது பாரின் நீளம் மட்டுமே. கேட்க வேண்டியது பிட்ச். செயினில் அடுத்தடுத்து வரும் மூன்று ரிவெட்டுகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அளந்து, இரண்டால் வகுத்தால் அதுதான் பிட்ச். 3/8 இஞ்சி செயினில் அந்த மூன்று ரிவெட்டு தூரம் 19 மில்லிமீற்றர், 0.325 இஞ்சி செயினில் 16.5. வித்தியாசம் இரண்டரை மில்லிமீற்றர்தான். கண்ணுக்குத் தெரியாது, பல்சக்கரத்துக்குத் தெரியும். மோட்டாரோடு சுழலும் பல்சக்கரமும் பாரின் நுனிச் சக்கரமும் செயினும், மூன்றும் ஒரே பிட்ச்சாக இருக்க வேண்டும். சின்ன மெசின்களுக்கு வரும் 3/8 ‘லோ புரொபைல்’ வேறு, பெரிய மெசினின் 3/8 வேறு. எண் ஒன்று என்று ஏமாறக் கூடாது. பாரின் காடியில் இறங்கும் பல்லின் தடிப்பும் (1.3, 1.5 அல்லது 1.6 மில்லிமீற்றர்), அந்தப் பற்களின் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இவை பாரின் அடியில் பொறித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் தம்பி இரண்டு முறை அலைய மாட்டான்.

வேகம் வேண்டுமென்று ஏழு பல்லுக்குப் பதில் எட்டுப் பல் சக்கரம் போடுகிறவர்களும் உண்டு. செயின் வேகமாக ஓடும், இழுவை குறையும். முற்றிய டர்பன்டைன் மரத்தில் மெசின் திணறும். வெள்ளவத்தையில் வீட்டு வளவுகளில் மரம் வெட்டப் போகும் நம் பிள்ளைகள் முற்றிய பலாவில் கை வைக்கும்போதும் இதே கதைதான்.

எம்முடைய கோபம் வேறு. கொந்தராப்புக்காரர் புதுச் செயின் வாங்கித் தருவார். தேய்ந்த பல்சக்கரத்தை மாற்ற மாட்டார். பல்லில் அரை மில்லிமீற்றர் பள்ளம் விழுந்தாலே அது மாற்ற வேண்டிய சாமான். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு சக்கரம் என்பது வழமையான கணக்கு. பழைய சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிடும், தாவும், அறுக்கும். அறுந்த செயின் வெட்டுகிறவனின் கைப்பக்கமே வீசும்.

வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர் என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கு வருவதற்கு முன் பல்சக்கரத்தின் விலையை அவரே கட்டட்டும். செயின், சக்கரம், அரம் எதுவும் கூலியில் வெட்டப்படக் கூடாது. வெட்டுகிறார்கள் என்றால் பில்லோடு மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். கழற்றிய பழைய சக்கரத்தையும் எறிந்து விடாமல் கொண்டு வாருங்கள்.