ஆட்டமும் காண்போரும்

கூத்தின் உயர்வும் தாழ்வும் ஆடுவோரைப் போலவே காண்போரையும் பொறுத்தன என்பது எமது கருத்து. குறவன் குறத்தி ஆட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

விருதுநகர், சிவகாசி வட்டாரங்களில் தீப்பெட்டியும் வெடியும் செய்து ஆண்டெல்லாம் உழைப்போர் களைப்பாறும் காலம் பங்குனி, சித்திரைப் பொங்கல் விழாக்களாம். இப்பக்கத்து விழா இரவுகளில் நாகசுரமும் தவிலும் பம்பையும் முழங்கக் கரகாட்டம் நிகழும். அதனிடையே ஆடவர் ஒருவரும் பெண்டிர் ஒருவரும் குறவனும் குறத்தியுமாய்த் தோன்றி, வினாவியும் விடையிறுத்தும் இணைந்தாடுவது நெடுநாள் வழக்காயிருந்தது.

இவ்விணை தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், பிரிந்த சிங்கியைத் தேடிக் கண்ட சிங்கன், அவள் பூண்டுள்ள அணிகளை ஒவ்வொன்றாகச் சுட்டி ஐயுற்று வினவ, அவள் நயம்பட விடையிறுக்கின்றாள். நகைச்சுவையும் காதலும் ஒருங்கமைந்த அப்பகுதியைக் கற்போர் எவரும் முகஞ்சுளியார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) கிறிஸ்துவின் புகழைப் பாடக் குறவஞ்சி வடிவத்தையே தேர்ந்து, பெத்தலகேம் குறவஞ்சியை இயற்றினார். வடிவில் மாசில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாசு பின்னர் வந்தது. குறும்பு மொழி ஆபாசமாயிற்று. ஒரு சமூகத்தின் பெயர் நகைப்புக்கு இடமாயிற்று. நெஞ்சம் புண்பட்டோர் முறையிட்டனர். 2023ஆம் ஆண்டில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து, தமிழ்நாட்டரசு இவ்வாட்டத்தைத் தடைசெய்து கலைப் பட்டியலினின்றும் நீக்கிற்று. அது முறையே. பிறர் மானத்தை விலையாக்கிப் பெறும் களிப்பு களிப்பன்று.

எனினும் ஒன்று கேட்கின்றோம். ஆபாசத்தை விரும்பிச் சீழ்க்கையடித்தவர் யார்? மேடையேறி ரூபாய் நோட்டை நீட்டியவர் யார்? தடையால் ஆடியோர் பிழைப்பை இழந்தனர். கண்டு களித்தோர் யாதும் இழந்திலர். காண்போர் சுவை திருந்தாதவரை, அதே இழிவு வேறொரு பெயர் பூண்டு மேடையேறும்.

ஆதலின் விழாக் குழுவினர் ராஜா ராணி ஆட்டம் முதலிய இணையாட்டங்களைக் குடும்பத்தார் அனைவரும் உடனிருந்து காணத்தக்க முறையில் நடத்துவித்து, கலைஞர்க்குத் தக்க ஊதியமும் மதிப்பும் அளிப்பாராக. தமிழ் பயிலும் நாமும், குறவஞ்சியைத் தேர்வுக்காகப் படித்து மூடிவிடாது, முதிய கலைஞர்பாற் சென்று அவர்தம் அடவுகளையும் தாளங்களையும் எழுதிவைத்தல் கடனாகும். தடை விதித்தல் அரசின் செயல். சுவையைத் திருத்துதல் நம் செயல்.