கண்ணாடி அலமாரியைத் திறந்து விடுங்கள்!

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



நம் நெட்வொர்க் லேப் வாசலில் இருக்கிற கண்ணாடி அலமாரியைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. மேல் தட்டில் ஒரு சிஸ்கோ 2811 ரௌட்டர். கீழ்த் தட்டில் யாரோ ஒரு புண்ணியவான் பழசாகிவிட்டது என்று நன்கொடையாகக் கொடுத்த ஸ்விட்ச் சேஸி, அதாவது தனித்தனி கார்டுகளாக மாட்டிக் கழற்றுகிற ரகம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இரண்டிலும் இன்னும் அழியவில்லை. மூன்று வருஷத்தில் நான் அவற்றைத் தொட்டது அந்தப் பொட்டு வைத்த அன்றைக்கு மட்டும்தான். பூட்டு போட்டிருக்கும். சாவி ஆபீஸ் ரூமில் இருக்கும்.

இந்தப் பூட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். பேரவை மலரில் கவிதை எழுதுவதை விட்டுவிட்டு இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

நான்காவது செமஸ்டர் முடிந்த மே மாத லீவில் இன்பிளாண்ட் டிரெய்னிங்குக்காக ஒரு நெட்வொர்க் காண்டிராக்ட் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே டீம் லீடராக இருந்தவர் நம் பாலிடெக்னிக்கிலேயே படித்த சீனியர் அண்ணன். "நம்ம காலேஜ் பையனா? வா, என்கூடவே இரு" என்று சொல்லி என்னைத் தன் பைக்கிலேயே சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். திருப்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. பழைய ஸ்விட்சுகளை எடுத்துவிட்டு ஏழு ஸ்லாட் உள்ள புதுச் சேஸி ஒன்றை நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அந்த ஒரு பகலும் ஓர் இரவும்தான் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம்.

பெட்டியைத் திறந்ததும் தூக்கி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் முதலில் கையில் எடுத்தது மல்டிமீட்டர். பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் எவ்வளவு என்று பார்த்தார். இருபத்தேழு காட்டியது. இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டியது! மில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைத் திறந்து பார்த்தால், மே மாத வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, கம்பி பிடிக்கிற இடம் துருப்பிடித்துப் போயிருக்கிறது. துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, நாலு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு மீட்டர் இரண்டுக்குக் கீழே இறங்கியது. "இது சரியில்லாம மேல என்ன மாட்டினாலும் வேஸ்ட்டுடா தம்பி. நாளைக்கு கார்டு போச்சுன்னா ஸ்விட்ச் மேலதான் பழி வரும்" என்றார். ஓ.எஸ்.ஐ. ஏழு லேயர்களை அடித்தாலும் உதைத்தாலும் சொல்வோம் நாம். அந்த ஏழுக்கும் கீழே ஓர் எர்த் குழி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் ராக். பத்தொன்பது அங்குல அகலம், ஒரு யு என்றால் ஒன்றே முக்கால் அங்குல உயரம். இது பாடத்திலும் உண்டு. பாடத்தில் இல்லாதது: கனமான சேஸியைக் கீழேதான் மாட்ட வேண்டும், மேலே மாட்டினால் ராக்கே முன்னால் சாயும். பவர் சப்ளைகளையும் கார்டுகளையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் சேஸியைத் தூக்க வேண்டும். பவர் சப்ளைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கவே கூடாது. அது அந்த பவர் சப்ளையை மட்டும் இழுப்பதற்காக வைத்த பிடி. அதுதான் வாகாகக் கைக்கு வரும், எல்லோரும் அதைத்தான் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கார்டுகள். மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டி, அதன் கிளிப்பைச் சேஸியின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் மாட்டினோம். நம் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் நமக்குச் சுருக்கென்று தெரிவதற்கே ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட் வேண்டும். உள்ளே இருக்கிற சில ஐ.சி.கள் சாவதற்கு நூறு வோல்ட்கூடத் தேவையில்லை. ஆக நமக்குத் தெரியாமலே ஒரு கார்டைக் கொன்றுவிடலாம். அதைவிட மோசம், அரைகுறையாக அடிபட்டு, ஆறு மாசம் ஓடிவிட்டு அப்புறம் தகராறு செய்யும்.

முதல் இரண்டு கார்டுகளை அண்ணன் செருகினார். பார்க்க என்னவோ அலமாரியில் டிராயர் தள்ளுவது மாதிரிதான் இருந்தது. மூன்றாவதை என்னிடம் கொடுத்து, "நீ போடு. நாலாவது ஸ்லாட்" என்றார்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கார்டின் இரண்டு ஓரமும் சேஸிக்குள் இருக்கிற இரண்டு தண்டவாளத்திலும் ஒரே சமயத்தில் உட்கார வேண்டும். ஒரு கை கார்டின் முகப்பில், இன்னொரு கை அடியில் தாங்கலாக. கடைசி அரை அங்குலத்தில் கார்டின் பின்னால் இருக்கிற கனெக்டர், சேஸியின் பேக்பிளேனில் இருக்கிற பின்களைச் சந்திக்கும். ஊசி மாதிரி நூற்றுக்கணக்கான பின்கள். இரண்டு ஓரத்திலும் இருக்கிற எஜெக்டர் லீவரை ஒரே நேரத்தில் மடக்கினால் கார்டு உள்ளே வழுக்கிப் போகும். சரியாக இருந்தால் கைக்கு எதிர்ப்பே தெரியாது. தெரிந்தால் அங்கேயே நிறுத்தி வெளியே எடுக்க வேண்டும்.

எனக்கு எதிர்ப்பு தெரிந்தது. வலது ஓரம் தண்டவாளத்துக்கு ஒரு நூல் மேலே ஏறியிருந்தது போலிருக்கிறது. புதுசு, அதனால் டைட்டாக இருக்கிறது என்று நினைத்தேன். லீவரை அழுத்தினேன். கடக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கார்டை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பேக்பிளேனில் நாலைந்து பின்கள் வயலில் காற்றடித்த நாற்று மாதிரி சாய்ந்து கிடக்கின்றன.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லவேளையாகக் கனெக்டரில் சேதமில்லை என்றதும், ஐந்தாவது ஸ்லாட்டில் தானே போட்டார். விளக்கு பச்சையாக எரிந்தது. நாலாவதில் வெற்றுத் தகடு போட்டு மூடினோம். (ஸ்லாட் காலி என்று திறந்து விடக்கூடாது, உள்ளே காற்று போகவேண்டிய வழியில் போகாமல் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும்.) கன்சோல் கேபிள் போட்டு, 9600 வேகத்தில் லேப்டாப்பில் திரை வந்து, கான்ஃபிகரேஷன் ஏற்றி, மறக்காமல் சேவ் செய்து, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு மில் ஓடியது.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் விசாரணை. உடைந்ததற்கு வாரண்டி கிடையாது. "நான்தான் செருகினேன்" என்று அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார். மாசம் இரண்டாயிரம் வீதம் பத்து மாசம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் பணம் தருகிறேன் என்று போனபோது சொன்னார்: "உன்கிட்ட குடுத்தது என் தப்பு. நீ இதுக்கு முன்னாடி ஒரு கார்டாச்சும் கையில புடிச்சிருக்கியான்னு நான் கேட்டிருக்கணும்ல?"

பிடித்ததில்லை! அதுதானே விஷயம்!

நாம் லேபில் என்ன செய்கிறோம்? கேபிள் கிரிம்பிங் உண்டு. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். மற்றதெல்லாம் பேக்கெட் டிரேசர். அந்த மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் 2811 ரௌட்டரின் படம் வரும், பக்கத்தில் கார்டுகளின் பட்டியல் வரும், மவுஸால் இழுத்து ஸ்லாட்டில் போடலாம். பவரை அணைக்காமல் போட்டால் முடியாது என்று சொல்லிவிடும். நல்ல பாடம்தான். நிஜமான 2811லும் சின்ன கார்டுகளைப் பவர் அணைத்துத்தான் மாற்ற வேண்டும். ஆனால் பெரிய சேஸிகளின் கார்டுகளை ஓட ஓட மாற்றலாம். அவற்றில் சில பின்கள் நீளமாகவும் சில குட்டையாகவும் இருக்கும், எர்த் முதலில் தொட்டு சிக்னல் பிறகு தொடுகிற மாதிரி வைத்திருப்பார்கள். எதை எப்போது இழுக்கலாம், எதை இழுக்கவே கூடாது என்று தெரியாதவன் வேலைக்குப் போனால் அடுத்தவன் சம்பளத்தில்தான் பாடம் படிப்பான். மவுஸுக்கு ஓரம் ஏறியது தெரியாது. இழுத்துப் போட்டால் எப்போதும் நேராகத்தான் போகும்.

ஃபைபர் மாட்யூலும் அப்படித்தான். 850 நானோமீட்டர் மல்டிமோடு, 1310 நானோமீட்டர் சிங்கிள்மோடு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டோம். மூடியைக் கழற்றியதும் நுனியைத் துடைக்காமல் செருகக்கூடாது, எரிகிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது என்பதை நான் மில்லில்தான் கற்றேன். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதால் இல்லை என்று நினைத்துக் குனிந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதை ஹெச்.ஓ.டி. சாரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலிலும் நியாயம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அலமாரியில் இருப்பது ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள். உடைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியது லேப் அசிஸ்டெண்ட் அண்ணன். அவரும் குடும்பஸ்தர். அறுபது பையன்கள் தொட்டால் ஒன்றாவது வளையும் என்றார். சார், நான் சொல்வதும் அதுதான்! வளையட்டும். இங்கே வளைந்தால் ஒரு பழைய சேஸியோடு போச்சு. வெளியே வளைந்தால் மில்லில் ஒரு ஷிப்ட் நிற்கிறது, ஒரு மனிதனின் பத்து மாசச் சம்பளம் குறைகிறது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "இதெல்லாம் கூலி வேலைடா, கான்ஃபிகரேஷன் கத்துக்கோ, அதுலதான் காசு." கான்ஃபிகரேஷன் கற்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் செய்துவிட முடியும். எர்த் பார்க்கவும், சேஸியைத் தூக்கவும், கார்டு செருகவும் ஒருவன் நேரில்தான் போயாக வேண்டும். அந்த ஒருவன் பெரும்பாலும் டிப்ளமோக்காரன்தான். நம் படிப்புக்கு என்று இருக்கிற வேலையை நாமே கேவலமாகப் பேசினால் அடுத்தவன் ஏன் மதிப்பான்? எல்லாம் வைஃபை ஆகிவிட்டது, இனி ஒயர் எதற்கு என்கிறவர்கள், கூரையில் தொங்குகிற அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பின்னால் போகிற கேபிள் எங்கே போய் முடிகிறது என்று ஒருநாள் தொடர்ந்து போய்ப் பார்க்கட்டும்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கீழ்த் தட்டுச் சேஸியை முறைப்படி கண்டம் செய்து ரிஜிஸ்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அதை மேஜைமேல் வையுங்கள். ஒவ்வொரு மாணவனும் செமஸ்டருக்கு இருபது தடவையாவது கார்டைக் கழற்றி மாட்டட்டும். கண்டம் செய்ய முடியாது என்றால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய சேஸியும் கார்டுகளும் தேடிப் பார்க்கலாம். விளக்கு எரிய வேண்டும் என்றுகூட அவசியமில்லை, தண்டவாளமும் பின்னும் லீவரும் இருந்தால் போதும். பேரவை நிதியில் ஆண்டு விழாவுக்கு வைக்கிற ஸ்பீக்கர் செட்டில் ஒரு ஜோடியைக் குறைத்தால் அந்தப் பணம் வந்துவிடும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். (இதற்காக என்னை அடிக்க வராதீர்கள்.) பிராக்டிகல் பரீட்சையில் எக்ஸ்டர்னல் சார் வைவாவில் கேள்வி கேட்பதோடு, "இந்தக் கார்டை எடுத்துத் திரும்பப் போடு" என்றும் ஒருமுறை சொல்லட்டும். அப்போது தெரிந்துவிடும் யார் கை நடுங்குகிறது என்று.

அந்த அண்ணனுக்குப் பிடித்தம் போன மார்ச்சோடு முடிந்தது. அவர் இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். இந்த வருஷம் நம் இரண்டாமாண்டிலிருந்து நாலு பேர் அவரிடம் டிரெய்னிங் போகிறார்கள். அதில் ஒருவன் போன வாரம் என்னிடம் வந்து, "அண்ணே, எஜெக்டர் லீவர்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அலமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் காட்டினேன்.

பிரின்ஸிபால் அவர்களுக்கு எழுதிய மனுவில் இதுவரை நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போடாதவர்கள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லேப் வாசலுக்கு வாங்க. பேப்பர் என்னிடம்தான் இருக்கிறது.