வாலைவடிநீரில் மட்டும் வாழும் நானோதுகள்கள்

"ஜீட்டா மின்னழுத்தம் கழித்தல் 35 மில்லிவோல்ட், ஆகவே துகள்கள் நிலைப்புடையவை." அண்மையில் ஒரு கருத்தரங்கில், நானோதுகள்களைக் குடிநீர்ச் சுத்திகரிப்புக்குப் பரிந்துரைத்த நான்கு உரைகளிலும் இதே வாக்கியம் வந்தது. எந்த நீரில் அளந்தீர்கள் என்று கேட்டேன். நால்வரின் விடையும் ஒன்றே: வாலைவடிநீர்.

வாலைவடிநீரை இந்நாட்டில் யார் குடிக்கிறார்கள்?

சிவந்த தங்கக் கூழ்மம் உப்புப் பட்டவுடன் நீலமாவதை ஃபாரடே 1857-இலேயே எழுதிவைத்தார். எதிரயனியின் மின்னூட்டம் கூடக்கூடத் திரிதலுக்கு வேண்டிய உப்பின் அளவு வெகுவாகக் குறையும் என்பது ஹார்டி–சூல்ட்சே விதி. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்ததுதான். துகளைச் சூழ்ந்துள்ள அயனிமேகத்தின் தடிமன் 1 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் ஏறத்தாழ 10 நானோமீட்டர். 100 மில்லிமோலாரில் அது 1 நானோமீட்டராகச் சுருங்குகிறது. விலக்குவிசையின் எல்லை குறுகியதும் வான்டர்வால்ஸ் ஈர்ப்பு வென்றுவிடுகிறது. சிட்ரேட் பூசிய வெள்ளித் துகள்கள் விரைந்து திரளச் சோடியம் குளோரைடு சில பத்து மில்லிமோலார் தேவை. கால்சியம் குளோரைடோ ஏறத்தாழ 2 மில்லிமோலாரே போதும். வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் நம் குடிநீர்த் தரவிதி லிட்டருக்கு 200 மில்லிகிராம் கால்சியம் வரை ஏற்கிறது. அது 5 மில்லிமோலார்! சட்டப்படி குடிக்கத்தக்க நீரிலேயே உங்கள் துகள் கட்டிதட்டிப்போகும்.

"பாலிமர் பூசியிருக்கிறோம்" என்பது அடுத்த கேடயம். எவ்வளவு பூசினீர்கள்? எதிர்மின் துகளோடு நேர்மின் பாலிமரைச் சிறிதளவு சேர்த்தால் மின்னூட்டம் சமனாகித் துகள்கள் திரளும். மிகுதியாகச் சேர்த்தால் மின்னூட்டம் தலைகீழாகி மீண்டும் பிரிந்து நிற்கும். ஒரே பொருள்தான், அளவுதான் வேறு. முருங்கை விதையின் நேர்மின் புரதம் கலங்கல் நீரைத் தெளியவைப்பதும் இந்த முதல் வழியில்தான். அதன்மேல் உப்பு சேர்ந்தால் பாலிமர்ச் சங்கிலியே சுருண்டுகொள்ளும். ஆல்ஜினேட் போன்ற எதிர்மின் சங்கிலிகளைக் கால்சியம் ஒன்றோடொன்று பிணைத்துப் பாலமாக்கும். எனவே நிலைப்பு என்பது துகளின் பண்பன்று. துகள், உப்பு, பாலிமர், அமிலத்தன்மை ஆகியவற்றின் கூட்டுப் பண்பு. பாலிமரின் காப்புத்திறனை உப்பைச் சேர்த்தே அளக்கும் 'தங்க எண்'ணை சிக்மாண்டி 1901-இலேயே தந்துவிட்டார். நமக்கு அது தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா மட்டுமே.

நச்சியல் ஆய்வுகளில் இதன் விளைவு இன்னும் கொடிது. செல் வளர்ப்பு ஊடகத்தின் உப்பில் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிட, ஊற்றிய செறிவையே செல் பெற்ற அளவாக எழுதிவிடுகிறோம்.

இதற்கு நிதியில்லை, கருவியில்லை என்று சொல்லாதீர்கள். ஆறு குப்பிகள், கால்சியம் குளோரைடு, ஒரு பிற்பகல், அவ்வளவே. என் தங்கக் கூழ்மத்தில் விடுதிக் குழாய்நீரை ஊற்றிப் பார்த்தேன்; தேநீர் ஆறுவதற்குள் ஊதாவாயிற்று. என் முதல் கட்டுரையிலும் அந்த 'நிலைப்புடையவை' இருக்கிறது. திருத்தக் குறிப்பை நேற்று இதழுக்கு அனுப்பிவிட்டேன்.