ஈகியர் துயிலும் மண்ணும் ஒப்போலையின் விலையும்

வடசென்னையில் மூலக்கொத்தளம் என்றோர் இடம் உண்டு. மதிலின் மூலையில் நின்ற கொத்தளம் என்பதே அப்பெயர்க்குப் பொருளென்பர். 1760களின் இறுதியில் ஐதரலியின் குதிரைப்படை சென்னையின் வாயில்வரை வந்து மீண்டபின், அச்சங்கொண்ட கிழக்கிந்தியக் கும்பினி, உள்நாட்டு மக்கள் வாழ்ந்த நகரைச் சுற்றி மதிலெழுப்பிற்று. அந்நகர்க்கு வெள்ளையர் இட்டிருந்த பெயர் கறுப்பர் நகரம். மதிலை வரைந்தவர் வெள்ளையர். அதற்குரிய வரியைக் கறுப்பர் தரவேண்டும் என்பது அவர்தம் கணக்கு. மதில் இடிந்து போயிற்று. ‘வால்டாக்சு’ சாலை என்னும் பெயரில் அவ்வரியின் நினைவு மட்டும் எஞ்சிற்று. நகரைத் திட்டமிடுவோர் ஒருசாரார், அதன் சுமையைத் தாங்குவோர் மற்றொரு சாரார் என்னும் முறைமை அன்றே அவ்விடத்தில் வேர்கொண்டுவிட்டது.

அம்மூலக்கொத்தளத்து இடுகாட்டில்தான் முதல் இந்தியெதிர்ப்புப் போரின் ஈகியர் இருவர் துயில்கின்றனர். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையை எதிர்த்துச் சிறைபுகுந்தவர்கள் அவர்கள். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த நடராசன் 1939 சனவரி 15ஆம் நாளும், குடந்தைத் தாளமுத்து அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலும் சிறைப்பட்ட நிலையிலேயே உயிர்நீத்தனர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று சொல்லப்பட்டபோது, நோயுற்றுக் கிடந்த நடராசன் மறுத்துவிட்டார். அப்போரின் முன்னணியில் நின்ற மருத்துவர் தருமாம்பாள் அம்மையாரின் நினைவிடமும் அங்கேயே உள்ளது.

இனி எழும்பூருக்கு வருக. சென்னை மாநகரின் ஒவ்வொரு தெருவும் எவ்வாறு அமையவேண்டும், எந்நிலத்தில் ஆலை எழலாம், எந்நிலத்தில் வீடு எழலாம் என்று வரையறுக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமர்ந்திருக்கும் கட்டடத்தின் பெயர் என்ன? தாளமுத்து நடராசன் மாளிகை! மொழிக்கு உயிர்கொடுத்த ஏழை இளைஞர் இருவரின் பெயரைத் தாங்கிய கூரையின்கீழ் இருந்துதான் வடசென்னை ஏழையின் குடியிருப்பு முடிவாகின்றது. அப்பெயருக்குரிய நேர்மை அம்முடிவுகளில் உண்டா என்பதே தமிழர் கேட்கவேண்டிய கேள்வி. அக்கேள்வியைக் கேட்பதற்கு வாய்த்த நல்ல வேளை தேர்தல். அதனினும் நல்ல வேளை இடைத்தேர்தல். ஏனெனில் அப்போதுதான் அரசு முழுவதும் ஒரே தொகுதியின் தெருக்களில் வந்து நிற்கின்றது.

அவ்வேளை வடசென்னைக்கு வாராமற் போகவில்லை. மூலக்கொத்தளத்துக்கு அண்மையிலுள்ள இராதாகிருட்டிணன் நகர்த் தொகுதியில் 2015 சூன் 27ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது; முதலமைச்சர் செயலலிதாவே போட்டியிட்டு வென்றார். அவர் மறைவுக்குப்பின் 2017 ஏப்பிரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தலை, பணம் பாய்ந்தது என்னும் கரணியங்காட்டித் தேர்தல் ஆணையமே நிறுத்திவிட்டது. மீண்டும் அவ்வாண்டு திசம்பர் 21ஆம் நாள் நடந்த தேர்தலில், தனி வேட்பாளராக நின்ற தினகரன் 40,707 ஒப்போலை மிகுதியில் வென்றார். இருபது உரூபாத் தாளைக் கையில் கொடுத்து, வென்றபின் பெருந்தொகை தருவதாக உறுதி கூறப்பட்டது என்ற குற்றச்சாட்டு அப்போது ஊரெங்கும் பேசப்பட்டது. இரண்டரை ஆண்டுகளுக்குள் ஒரே தொகுதி மும்முறை இடைத்தேர்தற் களமாயிற்று. நாட்டின் தலைவர்களெல்லாரும் தண்டையார்ப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் நடந்தனர். நடந்து என்ன? அம்மக்களின் வீட்டையும் நிலத்தையும் பற்றிய சட்டத்தில் ஓர் எழுத்தாவது அதனால் மாறிற்றா?

மாறவேண்டிய தேவை இல்லாமற் போயிற்றா என்றால், அதுவுமன்று. 2013இல் தண்டையார்ப்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து, குடிநீரில் எரிநெய் கலந்தது. ஆலைக்கும் கிடங்குக்கும் குழாய்க்கும் நடுவே வீடுகளை நெருக்கிய திட்டமின்மையின் விளைவு அது. 2021 திசம்பர் 27ஆம் நாள் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், குடிசைமாற்று வாரியம் முன்னர்க் கட்டிய 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து வீழ்ந்தது. பிளவைக் கண்ட மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அவ்வாண்டு ஆகத்துத் திங்களில், புளியந்தோப்பில் எழுந்த புத்தம்புது அடுக்குவீட்டுச் சுவர்ப்பூச்சு விரல் பட்டதும் உதிர்ந்தது. இவையெல்லாம் தேர்தல்மேடையில் ஒருவரையொருவர் ஏசுதற்குப் பயன்பட்டன, திருத்துதற்குப் பயன்படவில்லை.

குடியிருப்புக் கொள்கை இடைத்தேர்தலை எவ்வாறு வளைக்கின்றது என்பதைத் தமிழர் தெளிவாக உணர்தல் வேண்டும். அது இரு வழிகளில் நடைபெறுகின்றது.

முதலாவது, அது ஒப்போலை இடுவோரையே இடம் மாற்றுகின்றது. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரிலும், அதன்பின் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்த பல்லாயிரம் வீடுகளுக்கு நகரின் ஏழைகள் ஏற்றிச்செல்லப்பட்டனர். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் கடற்கரைக் குப்பத்தினரும் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டனர். வடசென்னையிலிருந்து அவ்விடங்கள் பத்துக் கல்லுக்கும் அப்பாற்பட்டவை. தொழில் இங்கே, வீடு அங்கே. துறைமுகம் இங்கே, துயிலிடம் அங்கே. அம்மட்டோ? குடும்பம் பெயர்ந்தால் தொகுதியும் பெயர்கின்றது. அவ்விடங்களெல்லாம் சோழிங்கநல்லூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியிலும் அடங்குவன. தன்னை வெளியேற்றிய உறுப்பினரைத் தோற்கடிக்கும் உரிமை வெளியேற்றப்பட்டவனுக்கு இல்லாமற் போகின்றது! எஞ்சி நின்றவனோ, அடுத்த முறை தன் தெருவா என்னும் அச்சத்தில் வாய்மூடி நிற்கின்றான்.

வாக்காளர் பட்டியல் இதற்குச் சான்று. 2017இல் இராதாகிருட்டிணன் நகர்ப் பட்டியலிலிருந்து 45,000 அளவிலான பெயர்கள் நீக்கப்பட்டன. 2025 திசம்பரில் வெளிவந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 90 இலக்கத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. இடம்பெயர்ந்தோர் என்பதே அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லப்பட்ட கரணியம். போலிப் பெயர்களை நீக்கவேண்டுவது முறையே. ஆயினும், அரசே ஏற்றிச்சென்று இறக்கிய மனிதனின் பெயரைப் புதிய இடத்துப் பட்டியலில் ஏற்றும் பொறுப்பு எவருடையது? வீட்டைப் பெயர்க்கும் வண்டியை அனுப்புகின்ற அரசு, ஒப்போலை உரிமையைப் பெயர்க்கும் தாளை மட்டும் ஏழையே தேடிக்கொள்ளட்டும் என்று விடுவது எவ்வகை நேர்மை?

இரண்டாவது, வீட்டை உரிமையாகத் தாராமல் கொடையாகத் தருவதால், குடிமகன் இரவலனாகின்றான். 1970இல் குடிசைமாற்று வாரியமும், அடுத்த ஆண்டில் அதற்குரிய சட்டமும் தோன்றின. குடிசைவாழ் மக்களை அவர்கள் வாழுமிடத்திலேயே நல்வீட்டில் அமர்த்துவதே தொடக்கத்தில் பேசப்பட்ட நோக்கம். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறிற்று. பெயர் மாறியும், ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனை ஆவணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்துநிற்கும் குடும்பங்களின் நிலை மாறவில்லை. நிலம் தனதென்று சொல்லும் ஆவணம் இல்லாதவன், எந்தக் கட்சியினனையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்க இயலாது. வீட்டுரிமை உறுதியாக இருந்திருப்பின் இருபது உரூபாத் தாளுக்கு அத்துணை வலிமை வந்திருக்குமா? ஒப்போலையை விற்றவனைப் பழிக்குமுன், அவனை விற்கும் நிலையில் வைத்திருந்தவரைப் பழிக்கவேண்டும்.

இவற்றுக்கு மாறான ஒரு நிகழ்ச்சியை இங்கிலாந்தில் காணலாம். இலண்டனுக்கு வடமேற்கிலுள்ள செசம்–அமர்சம் நாடாளுமன்றத் தொகுதியில் 2021 சூன் 17ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. 2019இல் அங்கே பழமைக்கட்சி 16,223 ஒப்போலை மிகுதியில் வென்றிருந்தது. அவ்வரசு 2020 ஆகத்தில் நிலத்திட்டச் சட்டத்தை மாற்றும் வெள்ளையறிக்கையை வெளியிட்டது. நிலங்களை வகைபிரித்து, வளர்ச்சிக்குரியவை என வரையப்பட்ட இடங்களில் வீடு கட்டும் இசைவை எளிதாக்குவது அதன் நோக்கம். உள்ளூரார் மறுப்புரைக்கும் உரிமை குறையும் என்று மக்கள் சினந்தனர். தொகுதியைக் கிழித்துச்செல்லும் விரைவுத் தொடர்வண்டிப் பாதையும் அச்சினத்தை வளர்த்தது. முடிவில் தன்னுரிமை மக்களாட்சிக் கட்சியின் சாரா கிரீன் 8,028 மிகுதியில் வென்றார். சில திங்களில் துறையமைச்சர் மாற்றப்பட்டார், அத்திட்டமும் கைவிடப்பட்டது. ஒரே ஒரு தொகுதியின் இடைத்தேர்தல், நாடு முழுமைக்குமான நிலச்சட்டத்தைத் தடுத்து நிறுத்திற்று.

இதனைக் கண்டு மயங்கவும் வேண்டா. அங்கே வென்றவர் பெரும்பாலும் சொந்த வீடுடையோர். புதுவீடு எழாமல் தடுப்பதே அவர்களுட் பலர்க்கு வேண்டியிருந்தது. வீடில்லாதவரின் குரல் அங்கேயும் ஓங்கவில்லை. தமிழர் கொள்ளவேண்டியது அவர்தம் விருப்பத்தையன்று; அவர்தம் முறையை. அவர்கள் திட்டத்தைத் தம் மொழியில் படித்தனர், புரிந்துகொண்டனர், ஒப்போலையால் மறுமொழி தந்தனர். வடசென்னை மீனவனும் துறைமுகத் தொழிலாளியும் எந்தத் திட்டத்தைத் தம் மொழியில் படித்தனர்?

இங்கேதான் மொழியுரிமை நிலவுரிமையாகின்றது. 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரையிலான காலத்துக்கு உரியது. அதன் தடித்த தொகுதிகள் ஆங்கிலத்தில் எழுந்தவை. நடுவணரசோ அதனினும் ஒருபடி மேலே சென்றது. 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அது வெளியிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தை ஆலைக்கழிவு சூழும்போது மறுப்புச் சொல்லும் உரிமையைக் குறைக்கக்கூடிய அறிவிக்கை, எண்ணூரானுக்கு விளங்காத மொழியில்! எட்டாம் அட்டவணை மொழிகளனைத்திலும் அதனைத் தருக என்று அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் தில்லி உயர்நயன்மன்றம் ஆணையிட்டது. அதை நிறைவேற்றுதற்கு மாறாக நடுவணரசு உச்சநயன்மன்றத்தின் படியேறிற்று. வீட்டுத் திட்டத்துக்கும் இந்திப்பெயரே. ‘பிரதான் மந்திரி ஆவாசு யோசனா’ என்னும் நகர்ப்புறத் திட்டம் தொடங்கப்பட்டது 2015 சூன் 25ஆம் நாள். இராதாகிருட்டிணன் நகரில் ஒப்போலையிட்டதற்கு இரண்டே நாள் முன்னர். அடுக்குவீடொன்றுக்கு ஒன்றரை இலக்கம் உரூபா தந்துவிட்டுத் தன் மொழியில் பெயர் பொறித்துக்கொள்கின்றது தில்லி. எஞ்சிய செலவெல்லாம் தமிழ்நாட்டரசுக்கும் ஏழைக்கும்!

மூலக்கொத்தளத்துக்கே மீள்க. 2018ஆம் ஆண்டளவில், அவ்விடுகாட்டு நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து வாரியம் அடுக்குவீடு கட்டும் முயற்சி எழுந்தபோது, மொழிப்போர் ஈகியர் மண்ணைத் தொடாதே என்று தமிழியக்கத்தார் கொதித்தெழுந்தனர். அக்கொதிப்பு முறையானதே. ஆயினும் அடுக்குவீடுகள் எழுந்துவிட்டன. 1,000க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே உள்ளன. ஈகியர் நினைவிடமும் புதுப்பிக்கப்பட்டு, 2025இல் மொழிப்போர் ஈகியர் நாளன்று திறக்கப்பட்டது. இறந்த ஈகியரையும் வீடற்ற ஏழையையும் ஒரே நிலத்துக்குப் போட்டியாளராக நிறுத்தியதே திட்டமிட்டோர் செய்த பிழை. நடராசன் யார்? அவ்வடுக்குவீட்டில் குடிபுகும் ஏழையின் இனத்தவனல்லனோ? துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் தாராளமாய்க் கிடைக்கும் வடசென்னை நிலம், ஏழைக்கு வீடென்றால் மட்டும் இடுகாட்டில்தான் கிடைக்குமோ? ஏழைக்கு வீடு வேண்டா என்று எந்தத் தமிழுணர்வாளனும் சொல்லான். ஏழையின் வீட்டுக்காக ஈகியின் மண்ணைக் கேட்பவரை, செல்வரின் மண்ணைக் கேட்டீரா என்று வினவுவதே தமிழுணர்வு.

ஆதலின், இனி வடசென்னையில் எந்தத் தேர்தல் வரினும், சட்டமன்றத்துக்காயினும் நாடாளுமன்றத்துக்காயினும், வேட்பாளர் முன் நான்கு கோரிக்கைகள் வைக்கப்படல் வேண்டும். பெருநகர்த் திட்டமும் அதன் வரைபடங்களும் அறிவிக்கைகளும் முதற்கண் தமிழில் வெளிவருதல் வேண்டும். மக்கள் படித்து மறுப்புரைக்கப் போதிய காலமும் தருதல் வேண்டும். குடிசைவாழ் மக்களுக்கு அவர்கள் வாழுமிடத்திலேயே, அன்றேல் தொழிலிடத்துக்கு அணித்தே, வீடு தருதல் வேண்டும். ஒதுக்கீடு பெற்ற குடும்பத்துக்கு நிலவுரிமை ஆவணம் உரிய காலத்துக்குள் கையில் வருதல் வேண்டும். குடும்பம் பெயர்க்கப்படும் நாளிலேயே அதன் பெயர்கள் புதிய தொகுதிப் பட்டியலில் ஏறுதல் வேண்டும். இவற்றுக்கு எழுத்தால் உறுதி தாராத வேட்பாளர்க்கு ஒப்போலை இல்லை என்று தெருதோறும் தமிழர் சொல்லல் வேண்டும். இருபது உரூபாத் தாளுக்கு அதுவே தக்க மறுமொழி.

நோய்ப்படுக்கையில் கிடந்தும், ஒரு வரி எழுதிக் கொடுத்து விடுதலை பெற மறுத்தான் ஓர் ஏழை இளைஞன். அவன் பெயரைத் தாங்கிய மாளிகையில் அவன் மக்களின் வீடும் தெருவும் வரையப்படுகின்றன. அவ்வரைபடத்தை அவன் மொழியில் கேட்டுப் பெறும் நாளே அம்மாளிகை தன் பெயருக்கு உரியதாகும் நாள்.