ஆற்றுக்குக் கீழே யாரும் உட்கார்வதில்லை

சிறுபத்திரிகைகளில் வரும் மொழிபெயர்ப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விநோதமான மனிதர் அறிமுகமாகியிருப்பார். அவர் ஆற்றுக்குக் கீழே உட்கார்ந்து மீன் பிடிப்பார். கிணற்றுக்குள் கீழே செல்வார். 1950க்குப் பின்னால் நடந்ததாக ஒரு கதை சொல்வார். கதை நடந்ததோ 1950லேயே. அந்த மனிதர் ருஷ்யராகவோ அயர்லாந்துக்காரராகவோ இருக்கலாம். அவரை இந்த அவஸ்தைக்கு ஆளாக்கியது 'டவுன் பை த ரிவர்', 'பேக் இன் 1950' போன்ற ஆங்கிலத் தொடர்களும், அவற்றைச் சொல்லுக்குச் சொல் பிடுங்கி நட்ட மொழிபெயர்ப்பாளரும்தான். இதைச் சில்லறைப் பிழை என்று ஒதுக்கும் நண்பர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

வேடசந்தூரை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர்ச் சாலையில், குடகனாற்றங்கரையில் இருக்கும் ஊர். பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அந்த ஊர்க்காரர் ஒருவர் 'டவுன் பை த ரிவர்' என்ற பொருளில் பேச நேர்ந்தால் 'ஆத்தங்கரையில இருக்கான்' என்பார், அல்லது 'ஆத்துப் பக்கம் போயிருக்கான்' என்பார். 'ஆற்றுக்குக் கீழே' என்று சொன்னால் மணலுக்கடியில் புதைத்துவிட்டார்களோ என்றுதான் அவர் கேட்பார். பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரிந்த இந்த வேறுபாடு, மூன்று அகராதிகளை விரித்துவைத்துக்கொண்டு உட்காரும் நம் மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் தெரிவதில்லை?

அந்த ஆங்கிலத் தொடர்களில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. நம் பள்ளி ஆங்கிலத்தில் பிரெபோசிஷன் ஒரு பாடம். ஃப்ரேசல் வெர்ப் இன்னொரு பாடம். அது மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு பட்டியல். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள், 'லுக் ஃபார்வர்ட் டு' என்றால் ஆவலோடு எதிர்பார். முடிந்தது. ஆனால் அன்றாட ஆங்கிலப் பேச்சை நிறைத்திருக்கும் 'அவுட் ஆன் த வராந்தா', 'அப் இன் த ஹில்ஸ்', 'ஓவர் அட் அங்கிள்ஸ்' வகைத் தொடர்கள் இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகின்றன. அவற்றில் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. முதற்சொல், பேசுபவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது எந்தப் பக்கம் என்று காட்டுகிறது. பின்னால் வரும் தொடர் அந்தப் பக்கத்தில் குறிப்பாக எந்த இடம் என்று சொல்கிறது. 'அவுட்' என்றால் வீட்டுக்கு வெளியே. வெளியே எங்கே? வராந்தாவில்.

தமிழில் இது இல்லையா? 'வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்', 'உள்ளே அடுப்படியில் இருக்கிறாள்', 'மேலே கொடைக்கானலில் குளிர், கீழே வத்தலக்குண்டில் வெயில்.' அதே அமைப்பு, அதே வரிசை. ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஆங்கிலத்துக்குத் தலைகீழாக நிற்கும் தமிழ்த் தொடரமைப்பு இந்த ஓரிடத்தில் மட்டும் அதனோடு தோள்சேர்ந்து நடக்கிறது: அகன்றது முதலில், குறுகியது பின்னால். ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? திண்ணையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். நமக்குத் தெரிந்து எந்த வகுப்பறையிலும் அப்படித் தொடங்கியதில்லை.

ஆங்கில இலக்கணக்காரர்களும் இதில் வெகுகாலம் தடுமாறியவர்களே. 'அப்' தனியே நின்றால் வினையடை, 'அப் த ஹில்' என்று பெயரோடு வந்தால் முன்னிடைச்சொல் என்று இரண்டு பெட்டிகளில் போட்டுப் பூட்டினார்கள். நம் ஊர்களில் இன்றும் கோலோச்சும் ரென், மார்ட்டின் இலக்கண நூல் கற்பிப்பது அந்தப் பெட்டிகளைத்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பெர்சன் 1924இல், இது ஒரே சொல்தான், பின்னால் பெயர் வருகிறதா இல்லையா என்பதற்காக அதன் சாதியை மாற்ற வேண்டியதில்லை என்று வாதிட்டார். ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் ஏறத்தாழ அந்த வழியில்தான் செல்கிறது. தமிழ் படித்தவனுக்கு இதில் வியப்பென்ன? மேல், கீழ், உள், முன், பின், புறம் எல்லாவற்றையும் தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் கீழ் வைத்துப் பேசுகிறது. நன்னூல் அந்த வரிசையை 28 உருபுகளாக விரிக்கிறது. 'மேலே பார்' என்பதில் தனித்து நிற்கும் அதே சொல்தான் 'மேசைமேல்' என்பதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. யெஸ்பெர்சன் வாதாடிப் பெறவேண்டியிருந்தது நமக்குப் பாட்டன் சொத்து. சொத்தைப் பூட்டிவைத்துவிட்டு வாடகை வீட்டில் திண்டாடுகிறோம்.

ஒற்றுமை எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். இருப்பைச் சொல்லும்போது சேர்ந்து நடக்கும் இரு மொழிகளும், நகர்வைச் சொல்லும்போது பிரிந்துவிடுகின்றன. ஆங்கிலக்காரன் 'வென்ட் டவுன் இன்டு த வெல்' என்கிறான். அவனுடைய வினைக்குத் திசை தெரியாது. 'டவுன்' வந்து திசை காட்டவேண்டும். தமிழில் 'கிணற்றுக்குள் இறங்கினான்' என்றால் போதும். கீழ்நோக்கு வினைக்குள்ளேயே இருக்கிறது. ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு, திரும்பு என்று நம் வினைகளே வழி சொல்லிவிடும். லெனர்ட் டால்மி 1985இல் உலக மொழிகளை இந்த நோக்கில் வகைப்படுத்தி எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர்கள் அனைவரும் அறிந்தது. 'கிணற்றுக்குள் கீழே சென்றான்' என்று எழுதுபவர் ஆங்கிலத்தையும் காப்பாற்றவில்லை, தமிழையும் காப்பாற்றவில்லை. 'இறங்கு' என்ற அருமையான வினையைக் கொன்று, அதன் பிணத்தின்மேல் ஒரு 'கீழே'யை வைத்திருக்கிறார்.

இதே 'இறங்கு' இன்னொரு பக்கம் நம் பிள்ளைகளைக் கேலிக்கு ஆளாக்குகிறது. 'கெட் டவுன் அட் வேடசந்தூர்' என்று சொல்லும் மாணவனைப் பார்த்து நகரத்துக் கான்வென்ட் சிரிக்கிறது. 'கெட் ஆஃப்' என்று சொல்லவேண்டுமாம். சரி, பேருந்துக்கு ஆங்கிலேயன் 'ஆஃப்' என்கிறான். ஏணிக்கும் குதிரைக்கும் அவனே 'கெட் டவுன் ஃப்ரம்' என்பான். மாணவன் வினையையும் துணைச்சொல்லையும் இடத்தொடரையும் ஒழுங்காகக் கோத்திருக்கிறான். வழக்கில் ஒரு சொல் மாறிவிட்டது, அவ்வளவே. அதை அமைப்புப் பிழையாகக் கருதி, இந்தப் பையனுக்கு ஆங்கிலமே வராது என்று முத்திரை குத்தும் நேர்காணல் அறைகளை நாம் அறிவோம். நூற்பாலைக்கு வேலைக்குப் போவதா, கல்லூரிக்குப் போவதா என்பது அந்த முத்திரையில் தீர்மானமாகிவிடுகிற வீடுகள் அந்தப் பக்கத்தில் உண்டு.

அதே பையனின் தமிழை ஒரு நிமிடம் கவனியுங்கள். 'பஸ்சு ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே போயிருமா?' 'தெக்க திண்டுக்கல்லுல எறங்கிக்கிட்டான்.' 'மேக்க தோட்டத்துல இருக்காரு.' ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வரைபடம் இருக்கிறது. எரிக் பெடர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வில், தமிழகத்துக் கிராமத்தவர் சிறு பொருள்களின் இருப்பைக்கூட வடக்கு, தெற்கு என்று திசையால் சொல்வதையும், நகரத்தவர் இடம், வலம் என்று சொல்வதையும் பதிவுசெய்தார். கிழக்கு கீழிலிருந்தும் மேற்கு மேலிலிருந்தும் வந்தவை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சரியும் நிலத்தின் நினைவு அதில் உள்ளது என்று கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறித்தார். ஆங்கிலேயனின் மேலும் கீழும் வேறொரு நிலத்தைச் சேர்ந்தவை. லண்டனை நோக்கிப் போகும் ரயில் அவனுக்கு 'அப்', விலகிப் போவது 'டவுன்'. அந்தச் சொற்கள் நம் தண்டவாளங்களுக்கும் வந்து சேர்ந்தன. எரியோடு நிலையத்தில் நிற்பவருக்கு வடக்கே கரூர், தெற்கே திண்டுக்கல். அப்பும் டவுனும் ஸ்டேஷன் மாஸ்டரின் கவலை.

மொழிபெயர்ப்பில் இந்தச் சிறு சொற்களை விட்டுவிட்டால் என்ன நஷ்டம் என்று ஒரு நண்பர் கேட்டார். சில இடங்களில் நஷ்டமில்லை. இறங்கு, ஏறு என்ற வினை அந்த வேலையைச் செய்திருந்தால் தாராளமாக விடலாம். ஆனால் ஒரு கதைசொல்லி 'அவுட் இன் த ஃபீல்ட்ஸ்' என்று எழுதும்போது அவர் வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறார். 'வயலில்' என்று மட்டும் எழுதினால் வயல் கிடைக்கும், கதைசொல்லி நிற்கும் இடம் காணாமல் போகும். 'வெளியே காட்டில்' என்றோ 'அங்கே காட்டுப் பக்கம்' என்றோ எழுத எவ்வளவு நேரமாகும்? 'ஓவர் அட் மை சிஸ்டர்ஸ்' என்பதற்கு 'அக்கா வீட்டுப் பக்கம்' என்பதைவிடப் பொருத்தமாக என்ன சொல்லிவிட முடியும்? அந்தப் 'பக்கம்' தொலைவையும் சொல்கிறது, உறவின் இளக்கத்தையும் சொல்கிறது. 'பேக் இன் 1950' என்றால் 'அப்போது, 1950இல்' என்றோ, அழுத்தம் வேண்டுமானால் 'அந்த 1950லேயே' என்றோ எழுதலாம். பின்னால் என்ற சொல்லை அந்தப் பக்கமே அண்டவிட வேண்டியதில்லை.